பின் கதவு இல்லாத கார்

இர்விங்கில் எங்கள் அமெரிக்க வீட்டுக் கராஜைத் திறந்ததும் கிரீஸும் ரப்பரும் கலந்த வாடை அடித்தது. என் கணவர் கார்த்திக் அந்தக் கால வேகக் காரான தன் பழைய மஸில் காரின் அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"தப்பான ஸ்பிரிங்கை ஆர்டர் பண்ணிட்டேன்மா. இது பெரிய எஞ்சினுக்கானது. நம்மளுது வெயிட் கம்மி, முன்பக்கம் தூக்கிட்டு நிக்குது. அடுத்த சனிக்கிழமையும் இதுக்கே போயிடும்."

என் சின்ன வயதில், சேலத்திலும் சனிக்கிழமைதான். ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்; அப்பா முதலில் தன் காருக்குத் தேய்ப்பார். பழைய எஞ்சின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து, கிரீச்சிடும் ஸ்பிரிங் பட்டைகளில் பிரஷ்ஷால் தடவுவார். உள்ளே அம்மா காய்ச்சிய நல்லெண்ணெய் ஆறிக்கொண்டிருக்கும்.

"மூத்தவளுக்குத் தேய்ச்சு முடிச்சாச்சா?" என்பாள் அம்மா, காரைத் தன் சக்களத்தியாக்கி.

சாயங்காலம் அப்பா எங்களை ஒரு சுற்று கூட்டிப் போவார். அம்மா முன் சீட்டில் உட்காரவே மாட்டாள். பின்னால் ஏறி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கதவை ஓங்கிச் சாத்துவாள். போயும் போயும் ஒரு காரோடா போட்டி என்று எனக்குச் சிரிப்பு வரும்.

கார்த்திக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, காரின் கூரையை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். என் தோளில் அந்தக் கை அப்படிப் பட்டு எத்தனை நாளாயிற்று.

"ஏறு, இப்படியே ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்."

பின் சீட்டில் ஏற விறுவிறுவென்று நடந்தேன். அங்கே கதவே இல்லை. இந்தக் காருக்கு முன்னால் இருக்கும் இரண்டு கதவுகள்தான்.

அம்மாவுக்காவது ஓங்கிச் சாத்த ஒரு கதவு இருந்தது.