சிரித்துக்கொண்டு நின்ற படம்

எழுபதுகளில் வேலந்தாவளம் சந்தை வீதியில் நானும் என் கணவரும் மாட்டுக் கயிறு விற்றோம். ஒருநாள் சர்க்கார் ஆட்கள் கேமராவோடு வந்தார்கள். பத்திரிகையில் போடத்தான் என்று நம்பினோம்.

"ஏனுங்க, பந்தலை முன்னால இழுத்துக் கட்டுங்க. கடை பெருசாத் தெரியோணும்" என்றேன் கணவரிடம். கயிறு, மணியெல்லாம் ரோட்டோரம் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த மாதம் ஓர் அதிகாரி அதே படத்தை நீட்டினார். "பாருங்க, கடை ரோட்டு மேலதானே நிக்குது!"

"படத்துக்காக இழுத்துக் கட்டினதுங்க" என்று கெஞ்சினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மொத்தக் கடையையும் இடித்தார்கள்.

இப்போது நூலகத்தில், பழைய வீதிப் படங்களின் நடுவே அதுவும் தொங்குகிறது. "எவ்வளவு சந்தோசமா இருந்திருக்காங்க!" என்றாள் பார்க்க வந்த ஒருத்தி.

இடித்த அன்று யாரும் கேமரா கொண்டுவரவில்லை.