பனிக் கணவாயில் கழற்றி வைத்த பூட்ஸ்

நந்தினி, மாதேசு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். மாதேசுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். நந்தினி, நீ வாசித்துச் சொல்.

என் இடது காலில் இரண்டு விரல் ஏன் இல்லை என்று உங்களுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் மாவு அரைக்கும் கல் விழுந்தது என்றேன். போன வாரம் நந்தினி கேட்டாள், "கல்லு விழுந்தா நசுங்கும். உன் மத்த வெரலு எதுக்குப்பா கறுத்துக் கெடக்கு?" எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லிக்கொண்டு நம் சாமி மாதப்பன் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்ற எனக்குக் கூசுகிறது. அதனால் எழுதுகிறேன். மலைக்கு நடந்து போகிற நம் கூட்டத்தாரிடமும் ஒரு படி கொடுப்பேன்.

உங்கள் அம்மா ஈஸ்வரி இறந்துபோன வருஷம் உங்களுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். ஹனூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நாங்கள் வருஷா வருஷம் வெறுங்காலில் நடப்போம். காட்டு வளைவுகளில் கூட்டம் முன்னும் பின்னுமாகப் பிரிந்துபோகும். பின்தங்கியவர் "உகே மாதப்பா!" என்று குரல் கொடுப்பார். முன்னால் போகிறவர் காதில் அது விழுந்தால் அப்படியே நின்று, "உகே! உகே!" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற வரை ஓரடி நகரக் கூடாது. அதுதான் நம் கூட்டத்துச் சட்டம். உங்கள் அம்மாவின் பதில் குரல் இரண்டு வளைவு தாண்டிக் கேட்கும். அந்த வருஷம் நடந்து முடித்து வந்த மறு மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால், மாதப்பன் மேல்தான். இவ்வளவு நடந்தோமே, இதற்குத்தானா என்று கேட்டேன். சாமி படத்தை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று வருஷம் வாய் திறந்து அவன் பேரைச் சொல்லவில்லை. மைசூரில் கல்யாணச் சமையல் இருந்தால் போவேன், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும். அப்படி ஒரு தனிமை.

அப்போதுதான் மைசூர் விஜயநகரில் காலை நடை போகிற பெரியவர்கள் எட்டு பேர் இமயமலைக்குப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டிபன் செய்து கொடுப்பவன் நான். அவர்களில் ரவீந்திர சார், பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், கன்னடக்காரர், எனக்காகத் தமிழ் பேசுவார்.

"குமாரு, பத்து நாளு ரொட்டி தின்னா எங்க வயிறு கெட்டே போகும் மாராயா. நீ வா. முத்தே கிண்டிப் போடு, அது போதும்," என்றார். ராகிக் களியைத்தான் முத்தே என்றார்.

உங்கள் சித்தியிடம் கேட்டேன். "போயிட்டு வாங்க மாமா. இங்கிருந்து மோட்டுவளையப் பாத்துட்டு இருக்கறதுக்கு அது தேவல. புள்ளைங்களக் கூட்டிட்டு நான் ஹனூரு போறேன்," என்றாள்.

ரயில் ஏறும்போது, திரும்பி வராமல் போனாலும் பரவாயில்லை என்று மனதுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. சித்தி உங்களை நன்றாக வளர்ப்பாள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அது பாவம். உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

உத்தராகண்டில் ஜீப் விட்டு இறங்கி, முதல் மூன்று நாள் ஊர் ஊராக நடந்தோம். மர வீடுகள். கூரைக்குக் கல் பலகை. பெண்கள் முதுகில் மலை மாதிரி புல் சுமந்து ஏறுகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்த்தேன். அந்த அம்மா சிரித்து ஏதோ கேட்டாள். எனக்கு இந்தி வராது. மோர் கொடுத்தாள். குடித்தேன். நன்றி சொல்லக்கூட வார்த்தை இல்லாமல் கும்பிட்டுவிட்டு நடந்தேன். அம்மா போன பிறகு உனக்குப் பின்னல் போட நான் கற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா நந்தினி? இடது பக்கம் எப்போதும் கோணலாகத்தான் வரும்.

சார்கள் தங்களுக்குள் கன்னடம், இங்கிலீஷ் பேசிச் சிரிப்பார்கள். முன்னால் போய்விடுவார்கள். நான் பாத்திரம் கழுவிக் கட்டிக்கொண்டு, சாமான் சுமக்கிற மூன்று கோவேறு கழுதைகளோடு கடைசியில் வருவேன். கழுதைக்காரர் பேர் கோவிந்த். என்னை "சாம்பார் பாய்" என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது.

முதல் கழுதையின் பேர் ராணி. சாயங்காலம் சமையல் முடிந்ததும் கேரட் தோல், உருளைக்கிழங்குத் தோல் எல்லாம் அதற்குக் கொண்டுபோவேன். அது தின்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று பேசுவேன். தமிழில்தான். அந்த மலை முழுவதிலும் நான் தமிழ் பேசியது அந்த ராணியோடு மட்டும்தான். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லும்.

ஆறாம் நாள், திங்கட்கிழமை, கணவாய் ஏறினோம். ஒரு மலையிலிருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாண்டுகிற வழி அது. பனி முழங்கால் வரை. வெள்ளென எழுந்து புறப்பட்ட சார்களும் வழிகாட்டியும் முன்பே தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். நானும் கோவிந்தும் உச்சிக்கு வந்தபோது மத்தியானம் ஆகவில்லை. அங்கே ஒரு கல் குவியல். அதில் சூலம் நட்டு மணி கட்டியிருந்தது. துணிக்கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டன. கோவிந்த் மணியை ஒரு தட்டுத் தட்டி, நெற்றியைத் தொட்டுக்கொண்டு, நிற்காமல் போனார். மேகம் வருகிறது என்று கையைக் காட்டி, "சலோ, சாம்பார் பாய், சலோ!" என்றார். ரெண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன்.

சூலத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. கோபம் தீரவில்லை. ஆனாலும் பூட்ஸோடு சாமி பக்கம் போக இந்தக் காலுக்குத் தெரியாது. நம் ஊர் வழக்கப்படி, சாமிக்குப் பக்கத்தில் செருப்பு விடலாமா? முப்பது அடி கீழே இறங்கி, ஒரு தட்டைப் பாறை மேல் பூட்ஸைக் கழற்றினேன். சாக்ஸையும் கழற்றி உள்ளே திணித்தேன். பனியில் வெறுங்காலோடு ஏறி, குவியலை மூன்று சுற்று வந்தேன். கோவிந்த் பார்த்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்றிருப்பார். கை கூப்பினேன். கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை.

திரும்பினேன். பாறை இல்லை. மேகம் வந்து மூடியிருந்தது. என் கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது. முப்பது அடி இறங்கினேன். பனிதான். இடது பக்கம் போனேன், வலது பக்கம் போனேன். பனி கொட்டத் தொடங்கியது, என் கால் தடமும் போனது. எந்தப் பக்கம் இறக்கம், எந்தப் பக்கம் பாதாளம் என்று தெரியவில்லை. மணிச் சத்தத்தை வைத்து எப்படியோ கல் குவியலுக்கே திரும்பி வந்து, காற்றுக்கு மறைவாக உட்கார்ந்தேன். குல்லாயைக் கழற்றி வலது காலில் மாட்டினேன். இடது காலுக்குத் தோளில் கிடந்த துண்டு. அது உடனே நனைந்துவிட்டது.

முதலில் கால் எரிந்தது. பிறகு வலித்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் போனதுதான் பயம். அப்போது மனசு சொன்னது, "இதுதானே நீ கேட்டது? கிடைத்துவிட்டது."

அந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நீங்கள் வந்தீர்கள். மாதேசு, பள்ளிக்கூடச் சட்டையில் நீ எப்போதும் ஒரு பட்டன் தள்ளிப் போடுவாய். வாசலில் நிறுத்தி நான் அவிழ்த்து மறுபடி போட்டுவிடுவேன். சித்திக்கு அது தெரியாதே என்று தோன்றியது. அவ்வளவுதான். அந்தப் பட்டனை நினைத்து அழுதேன். எனக்குச் சாக வேண்டாம். வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்று வருஷம் மூடியிருந்த வாயைத் திறந்தேன். "உகே மாதப்பா!"

சத்தமே வரவில்லை. மறுபடி கத்தினேன். நம் கூட்டத்துச் சட்டப்படி, கத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். காற்றுதான். மறுபடி கத்தினேன். "மாதப்பா, நான் பின்னால தங்கிட்டேன். நீ நில்லு. நான் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் நில்லு," என்றேன். அதுதான் நான் செய்த பிரார்த்தனை. வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. எத்தனை முறை கத்தினேனோ தெரியாது. குரல் கிழிந்துபோனது. கண் சொக்கியது. தூங்கினால் போச்சு என்று கன்னத்தில் அறைந்துகொண்டு கத்தினேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு மணிச் சத்தம். சூலத்து மணி இல்லை. கழுத்து மணி. பிறகு ஒரு விசில். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் இரண்டு நீளக் காது வந்தது, பிறகு ராணியின் முகம், பிறகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோவிந்த்.

அவர் என் காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தன் கம்பளிச் சட்டைக்குள் என் கால்களை வைத்து, வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். திட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு இனிமையான திட்டு நான் கேட்டதில்லை. பிறகு சுமையை இறக்கி என்னை ராணி மேல் ஏற்றினார்.

கூடாரத்தில் ரவீந்திர சார், கோவிந்த் சொன்னதை எனக்குச் சொன்னார். "குமாரு, இவன் உன்ன நல்லா பைய்யறான், திட்டறான். 'இவன் கேரட் தோலு குடுத்துக் குடுத்து என் கழுதைய கெடுத்துட்டான்'கறான். கீழ ஒரு வளைவுல ராணி நின்னுட்டாளாம். அடிச்சானாம், இழுத்தானாம். ஊஹூம்."

"என் குரல் அவருக்குக் கேட்டுச்சா சார்?"

சார் இந்தியில் கேட்டார். கோவிந்த் இல்லை என்று தலையாட்டினார். "இல்லியாம். அவனுக்கு ஒண்ணும் கேக்கலே, காத்துதானாம். அவ காது மட்டும் மேல் பக்கமே திரும்பி இருந்ததாம். அப்புறமா திரும்பிப் பாத்தா, நீ இல்லே."

கோவிந்த் ஏதோ கேட்டார். சார் சிரித்தார். "நீ என்ன கத்தினேன்னு கேக்கறான்."

"எங்க சாமி பேரு சார். உகே மாதப்பா."

"உகே?" என்று கோவிந்த் சொல்லிப் பார்த்தார். வெளியே கட்டியிருந்த ராணியின் மணி ஆடியது. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

புலி மேல் வருகிறவன் நம் மாதப்பன். அன்றைக்குக் கோவேறு கழுதை மேல் வந்தான். படித்தவர்கள் சொல்லலாம், தெரிந்த குரல், அதனால் கழுதை நின்றது என்று. சரிதான். அந்தக் குரலை அதற்குத் தெரிய வைத்தது யார்? பேச ஆளில்லாமல் நான் தவித்த தவிப்பை ஐந்து நாளாக அதன் காதில் போட வைத்தவன் யார்? என் தனிமையையே கயிறாகத் திரித்து என்னை இழுத்தான் என்றுதான் நான் நம்புகிறேன்.

வலது கால் பிழைத்தது. இடது காலில் இரண்டு விரலை மைசூர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். நீங்கள் அப்போது ஹனூரில் சித்தி வீட்டில். உங்களிடம் உண்மையைச் சொன்னால் ரயில் ஏறும்போது நினைத்ததையும் சொல்ல வேண்டி வருமே என்றுதான் கல் விழுந்த கதை சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்துத் துடைத்தேன். இப்போது சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. நீங்களே பார்க்கிறீர்கள்.

இதைப் படிக்கிற நம் கூட்டத்தாருக்கும் சொல்கிறேன். சாமி மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வாயை மட்டும் மூடாதீர்கள். பதில் எந்த உருவத்தில் வரும் என்று நமக்குத் தெரியாது, குரல் கொடுக்க வேண்டியது நம் வேலை. பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் எல்லாரும் முன்னால் போய்விட்டது போல இருக்கும். அன்றைக்குக் கூப்பிடுங்கள். நான் இருந்தால் நான் நிற்பேன். நான் இல்லாவிட்டாலும் நிற்கிறவன் ஒருவன் உண்டு.

இன்னும் ஒன்று. புண் ஆறிய பிறகு, கல்யாண வேலை என்று சொல்லிவிட்டு ஒரு நாள் போனேனே, அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தனியாக பஸ் ஏறி மலையடிவாரத்தில் இறங்கினேன். செருப்பைக் கழற்றி, அடையாளத்துக்கு ஒரு புளியமரத்தை மூன்று முறை பார்த்து வைத்துக்கொண்டேன். எட்டு விரலோடு ஏறினேன். கூட்டம் இல்லாத நாள். பாதி வழியில், எங்கோ கீழே, காட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல், "உகே மாதப்பா!" ஆணா பெண்ணா தெரியவில்லை.

வளைவில் நின்றேன். அம்மா கொடுப்பாளே, அந்த மாதிரி வயிற்றிலிருந்து பதில் கொடுத்தேன். கிளையை விலக்கி அந்த ஆள் கண்ணுக்குத் தெரிகிற வரை அங்கேயே நின்றிருந்தேன். பிறகு நடந்தேன்.