பெண் தலைமைக்கு ஒன்பது நாற்காலி

நான்கு மாதங்களுக்கு முன்னால், பெண்களின் தலைமைப் பண்பு பற்றி ஒரு மேடையில் பதினெட்டு நிமிடம் பேசினேன். முன்வரிசையில் இருந்த என் மனைவி வாட்ச்சைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. நீங்கள் யாரும் அங்கே இல்லை... தப்பித்தீர்கள்.

விஷயம் இதுதான். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் இருப்பவர் வளர்மதி. சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். கணவருக்கு பவர் பிளான்ட்டில் ஷிஃப்ட் வேலை. வளர்மதிக்கு, கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கிற ஒரு தனியார் காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. பதினோரு வருடமாக. பதவியின் பெயர் ‘அசிஸ்டென்ட்’. யாருக்கு அசிஸ்டென்ட் என்று யாருக்கும் தெரியாது. பெல்ட் நின்றால் எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான்.

இவருக்கு ஒரு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. தலைமைப் பொறுப்புக்கு வர நினைக்கும் பெண்களுக்காக வெளியூர் பிசினஸ் ஸ்கூல் ஒன்று தருவது. ஒரு வருடம் ஹாஸ்டலில் தங்கி, ஃபீஸ் இல்லாமல் படிக்கலாம்.

செய்தி தெரிந்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பரபரப்பு. பாராட்டு விழா நடத்தாவிட்டால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை மாலை, கம்யூனிட்டி ஹால், ஃப்ளெக்ஸ் பேனர், மேடையில் ஒன்பது நாற்காலிகள்.

ஒன்பதிலும் ஆண்கள். அடியேன் மூன்றாவது.

வளர்மதி எங்கே? வாசலில். சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நின்று, தன்னைப் பாராட்ட வந்தவர்களை அவரே வரவேற்றுக்கொண்டிருந்தார். லேடீஸ் யாராவது நின்றால்தான் லட்சணமாக இருக்கும் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டாராம். பேனரில் எங்கள் ஒன்பது பேர் முகமும் பூசணிக்காய் சைஸில். மூலையில், ரேஷன் கார்டு போட்டோ அளவில் அவர். பெயர் ‘வளர்மணி’ என்று அச்சாகியிருந்தது.

தலைவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அடுத்தவர் தன் மனைவி வைக்கும் மீன்குழம்பைப் பற்றி. நான் உலகத் தலைவிகளைப் பட்டியல் போட்டேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வளர்மதியின் மேனேஜர். “இந்தப் பொண்ணு எங்க கம்பெனிக்குத் தூண் மாதிரி” என்று அவர் சொன்னபோதுதான் பலத்த கைதட்டல்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, நன்றியுரைக்கு முன்னால், வளர்மதிக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கக்கத்தில் ஒரு ஃபைல்.

“எல்லாருக்கும் நன்றிங்க. எனக்குப் பேச வராது, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மேனேஜர் சாருகிட்ட ஒரு வருஷம் லீவு கேட்டு லெட்டர் குடுத்து மூணு வாரமாவுது. அதுல சார் கையெழுத்து வாங்கி நாளைக்குள்ள காலேஜுக்கு அனுப்பணும்ங்க. இல்லேன்னா சீட்டு அடுத்த பேருக்குப் போயிடும்.”



மேனேஜர் சிரித்தார். ஹெட் ஆபீஸைக் கேட்க வேண்டும், நாளைக்கு ஆபீஸில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

“நாளைக்கு நீங்க சென்னைக்குப் போறீங்க சார்” என்றார் வளர்மதி. குரலில் கோபம் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் விவரம் சொல்வது போல இருந்தது. “ரெண்டு லெட்டர் எடுத்துக்கினு வந்திருக்கேன். ஒண்ணு லீவு. இன்னொண்ணு ராஜினாமா. ரெண்டுல எதுல கையெழுத்து போட்டாலும் காலேஜுல ஒத்துக்குவாங்க.”

ஃபைலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். லீவு லெட்டர்தான் மேலே இருந்தது. நான் பார்த்தேன்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். மேல் காகிதத்தை ஒரு விநாடி பார்த்தார். பிறகு அதைப் புரட்டிவிட்டு, அடியிலிருந்த ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஹெட் ஆபீஸைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

போட்டோகிராஃபர் ஃப்ளாஷ் அடித்தார். கீழே இருந்தவர்களுக்கு எது எந்த லெட்டர் என்று எப்படித் தெரியும்? மேடையிலேயே அனுமதி வழங்கிய பெருந்தன்மை என்று தலைவர் மைக்கில் அறிவிக்க, ஹால் முழுக்கக் கைதட்டியது.

நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று அப்போது தோன்றியது. பதினெட்டு நிமிடம் பேசியவனுக்கு, பதினெட்டாவது விநாடியில் வாய் அடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு, வாசலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்த வளர்மதியிடம் போனேன். மேனேஜர் ராஜினாமாவில்தான் கையெழுத்துப் போடுவார் என்று தெரியுமா என்று கேட்டேன். சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க சார். படிச்சிட்டு இங்கியே திரும்பி வரணும்னுதான் இருந்தேன். அந்த லெட்டரைச் சும்மா, ஒரு பயமுறுத்தலுக்குத்தான் வச்சேன். பதினோரு வருஷம் ஆச்சே, லீவுலதான் போடுவாருன்னு நெனச்சேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பரவால்லைங்க. லெட்டர் கெடச்சிடிச்சு.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாக லெட்டரை அனுப்பியதாக என் மனைவி மூலம் தெரிந்தது. பதினெட்டு நிமிடம் என்ற கணக்கைத் தவிர, என் பேச்சைப் பற்றி என் மனைவி அன்றும் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அதைவிடக் கடுமையான விமர்சனம் உண்டா?

இப்போது வளர்மதி ஹாஸ்டலில் இருக்கிறார். லீவில் வந்தபோது பார்த்தேன்... கொஞ்சம் இளைத்திருக்கிறார், நிறைய சிரிக்கிறார். ஆரம்பத்தில் பெல்ட் நிற்கும்போதெல்லாம் பழைய கம்பெனியிலிருந்து போன் வருமாம். இவரும் கிளாஸுக்கு வெளியே வந்து வழி சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள், பரீட்சை இருக்கிறது, மேனேஜரைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாராம். அதன் பிறகு கூப்பிடுவதில்லை. படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேலை தேடப் போகிறார்.

போன வாரம் இன்னொரு விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்க அந்த மேனேஜரின் ஆபீஸுக்குப் போனேன். சுவரில் பெரிய ஃப்ரேம். மேடையில் அவர் கையெழுத்துப் போட, பக்கத்தில் வளர்மதி நிற்கும் போட்டோ. நான் பார்ப்பதைக் கவனித்தவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம கம்பெனிப் பொண்ணு சார். நாமதான் அனுப்பி வெச்சோம்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அனுப்பித்தான் வைத்தார்.