சம்பந்தி வீட்டு வாசலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்துகொண்டு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போனவன் நான். உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு காரியம் செய்திருந்தால் அவரைச் சந்திக்க ஆசை. இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். நடந்து வரச் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கறம்பக்குடி கடைவீதியில் உரக்கடை. காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் ஷட்டரை இறக்கத்தான் எழுந்திருப்பேன். யூரியா மூட்டையைக்கூட வாங்க வருகிறவர்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி உட்கார்ந்தபடியே ஐம்பதைத் தொட்டவனின் ரத்தத்தை ஒருநாள் என் மகள் எடுத்துக்கொண்டு போனாள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் லேப் டெக்னீசியன். சாயங்காலம் போன் செய்து, "அப்பா, இது ரத்தமா, குலாப் ஜாமூன் ஜீராவா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். அறந்தாங்கிப் பக்கம் நடக்கவிருந்த ஓட்டப் போட்டியில் பத்து கிலோமீட்டர் பிரிவில் என் பெயரையும் அவளே பதிந்தாள். பத்து கிலோமீட்டர் என்பது நானும் மனதளவில் ஏற்றுக்கொண்ட தூரம்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு அறந்தாங்கியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. வீடு கட்டுமாவடி போகிற ரோட்டில், ரோட்டை ஒட்டியே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசாத மனிதர்களைக் கண்டால், அவர்கள் என்ன நினைக்கிறார்களோ என்று நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டாள், தினமும் புதுக்கோட்டைக்குப் போய்வருவாள். "அவர்ட்ட நான் பேசிட்டேம்ப்பா. அவருக்குச் சம்மதம். அவங்கப்பாகிட்ட மட்டும் நீங்க சொல்லணும். நிச்சயத்தன்னைக்கே சொல்லிருங்க. அப்புறம் சொன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும்" என்றாள். நான் நெஞ்சில் கை வைத்து, "அத எங்கிட்ட விடு" என்றேன். என்னிடம் விடப்பட்ட காரியங்களின் கதி என் மனைவிக்குத் தெரியும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியாயிற்று. பந்தியில் நானும் சம்பந்தியும் அடுத்தடுத்த இலை. இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பந்தி, ஒங்ககிட்ட ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேறு ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"நான் மாரத்தான் ஓடப் போறேன்" என்றேன்.

"எங்கிட்டு?"

"அறந்தாங்கியிலேருந்து. கட்டுமாவடிப் பக்கம்."

எதிர் வரிசையில் இருந்த ஒருவர் உடனே போனைத் தடவிப் பார்த்து, மாரத்தான் என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று பந்திக்கே அறிவித்தார். சம்பந்தி முகம் மலர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்ப நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் போகணும்" என்றார். பாயசம் வருவதற்குள் பந்தி முழுக்க என்னை எட்டிப் பார்த்தது. பத்து கிலோமீட்டர் என்று திருத்திச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதையும் சொல்ல வரவில்லை. அன்று இரவு பிரிவை மாற்றிப் பதிந்தபோது மகள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

"அத எப்பச் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓட்டம் முடியட்டும். அந்த மரியாதையோட சொன்னா மறுக்க மாட்டாரு" என்றேன். எனக்கே அது அன்றைக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பயிற்சி பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து ஓர் அட்டவணையை இறக்கிக் கடையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் வாரம் விடியற்காலையில் எழுந்து ஓடினேன். எங்கள் பக்கம் ரோட்டில் தெரிந்தவன் நடந்து போனால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ளாமல் போக மாட்டார்கள். ஓடினால் கேட்கவே வேண்டாம். "என்னண்ணே, பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க" என்று பைக் வந்து நிற்கும். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள் வேறு. ஏறிக்கொள்வேன். டீக்கடையில் இறக்கிவிட்டு, டீயும் வாங்கித் தருவார்கள், சர்க்கரை தூக்கலாக. என் பயிற்சியில் கணிசமான தூரம் பைக்கில்தான் நடந்தது.

ஆனி வந்தது, முகூர்த்தங்கள் வந்தன, விருந்துகள் வந்தன. ஒருநாள் கால் வலி, ஒருநாள் நாய்த் தொல்லை. பிறகு காரணம் தேடுவதற்கும் சோம்பலாக இருந்தது. ஆடியில் ஷூவுக்குள் ஒரு பல்லி குடியேறியது. அதைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை. கல்யாணம் தையில். மகள் கேட்பதையும் குறைத்துக்கொண்டாள். அவள் கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காமல் இருந்தபோது பயமாக இருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறந்தாங்கிக்கு வெளியே ஒரு மைதானத்தில் விடிவதற்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கட்டுமாவடி வரை போய்த் திரும்பி வர வேண்டும். மகளும் வந்திருந்தாள். என்னைச் சுற்றிலும் கன்னம் ஒட்டிய இளைஞர்கள் காலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஷூ லேஸைக் கட்டிய களைப்பில் மூச்சு வாங்கினேன்.

ஆனால் அநியாயம் சொல்லக் கூடாது, முதல் பத்து கிலோமீட்டர் நன்றாகவே ஓடினேன். குளிர்ந்த காற்று, கூட்டத்தின் வேகம், ரோட்டோரத்தில் கைதட்டல். எனக்குள் இத்தனை நாளாக ஒரு வீரன் உறங்கிக்கொண்டிருந்தானோ என்றுகூட யோசித்தேன். அந்த மிதப்பிலேயே சம்பந்தி ஊரை நெருங்கியபோதுதான் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் பந்தல் உயரத்துக்கு நின்றது. 'எங்கள் சம்பந்தி, மாரத்தான் சிங்கமே வருக!' தலை நிச்சயதார்த்தப் போட்டோவில் இருந்த என் தலை, விபூதியோடு. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெளிநாட்டு ஓட்டக்காரரின் உடம்பு. அந்தத் தொடைகளைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

அதன் கீழே சம்பந்தியம்மா ஆரத்தி எடுக்க ஆலம் கரைத்த தட்டோடு நின்றிருந்தார். பின்னால் சொந்தபந்தம் வரிசையாக. நின்றால் மறுபடி ஓட முடியாது என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி தாண்டி ஓடிவிட்டேன். பார்க்கக் கம்பீரமாக இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச தூரத்திலேயே இடுப்புப் பையில் போன் அடித்தது. கறம்பக்குடியிலிருந்து மனைவி.

"ஆலம் கரைச்சு வச்சுக்கிட்டு நின்னவுகளத் தாண்டிப் போனீங்களாமே! தட்டோட அப்புடியே நிக்கிறாகளாம்!"

"ஓட்டப் போட்டிடி. நடுவுல நிக்க முடியாது."

"சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்காம அப்புடி எங்க போகணும்? போறது கட்டுமாவடிக்கு. அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி அட்டவணையிலும் பதில் கிடையாது. அதோடு என் கால்களிலிருந்து காற்று இறங்கிவிட்டது. உண்மையாகவே, கட்டுமாவடியில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கடற்கரையில் திருப்பத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றினேன். மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மீனுக்கே திரும்பினார்கள். வெயில் ஏறியது. தொடை பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது ஓடவில்லை, நடந்தேன். நடந்தேன் என்பதே மரியாதைக்குச் சொல்வது.

மறுபடி ஃபிளெக்ஸ் தெரிந்தது. சிங்கம் நொண்டிக்கொண்டே அதன் கீழே போய் நின்றது. சம்பந்தியம்மா புதிதாகக் கரைத்த ஆலத்தைச் சுற்றிப் பொட்டு வைத்துவிட்டு, "வாங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போகலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்லும் எண்ணமே எனக்கு வரவில்லை. தரையில் உட்கார முடியாததால் நாற்காலி போட்டு, ஸ்டூலில் இலை விரித்தார்கள். கொடுவா மீன் குழம்பு, நண்டு வறுவல், முட்டை. மேலே ஃபேன். அந்த ஃபேனுக்குக் கீழே மிச்ச வாழ்நாளைக் கழிக்கத் தயாராக இருந்தேன். வாசலில், விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு போகும் வேன் மெதுவாகக் கடந்து போனதைப் பார்த்தேன். கையில் நண்டுக்கால் இருந்ததால் கூப்பிட முடியவில்லை.

சம்பந்தி எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஏன் சம்பந்தி இம்புட்டுக் கஷ்டப்படுறீங்க? முடியலன்னா முடியலன்னு சொல்லிட வேண்டியதுதானே? நமக்குள்ள என்ன?"

எனக்கு அப்போது பயப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. நாசூக்காகப் பேசவும் உடம்பில் கொஞ்சம் சக்தி வேண்டும் போலிருக்கிறது.

"சொல்ல முடியாமத்தான் ஓடிக்கிட்டிருக்கேன்" என்றேன். "பாப்பா வேலைய விடமாட்டா. கல்யாணத்துக்கப்புறமும் புதுக்கோட்டைக்குப் போய்வருவா. நிச்சயத்தன்னைக்கே ஒங்ககிட்டச் சொல்லணும்னு வாயத் தொறந்தேன். மாரத்தான்னு வந்துருச்சு."

சம்பந்தியம்மாவின் கையில் குழம்புக் கரண்டி பாதியில் நின்றது. சம்பந்தி என்னைப் பார்த்தார். வாசலில் இருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இதுக்கா நாப்பத்திரண்டு கிலோமீட்டரு?"

அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டார். சாப்பிடாதவர் எதற்குக் கை கழுவினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சம்பந்தியம்மா, "மோர் ஊத்தவா?" என்றார். இரண்டு பேரும் சரியும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. மகளின் வாழ்க்கையை நண்டு வறுவலுக்கு நடுவில் வைத்து உடைத்துவிட்டேனே என்று எனக்குக் கண் கலங்கியது. காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கிளம்பியபோது சம்பந்தி பைக்கை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். "ஏறுங்க. மைதானத்துக்கு முன்னாடி திருப்பத்துல எறக்கிவிடுறேன். அங்கேருந்து ஓடிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

என் வாழ்நாளில் எனக்காக நின்ற பைக்குகளில் நான் ஏறாதது அது ஒன்றுதான். "இல்லங்க சம்பந்தி, நடந்தே வாரேன்" என்றேன். ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு இன்னொன்றைச் சொல்வது அவ்வளவு சிரமமாக இல்லை. அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வந்த விருந்தாளியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. என் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வந்தார். வண்டி சூடேறினால் முன்னால் போய்ப் புளியமர நிழலில் நிற்பார். நான் தாண்டியதும் மறுபடி வருவார். வழியில் இரண்டு தடவை சோடா மட்டும் வாங்கிக் கொடுத்தார். அத்தனை தூரத்துக்கும் எனக்கு ஒரே யோசனைதான்: மகளிடம் என்ன சொல்வது?

மைதானத்தை அடைந்தபோது மேடை இல்லை, மைக் இல்லை. காற்றடைத்த வரவேற்பு வளைவைக் காற்றிறக்கித் தரையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் மிதித்துத்தான் என் மாரத்தானை முடித்தேன். மெடல் கொடுப்பவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். வேப்பமரத்தடியில் என் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எனக்குப் பின்னால் வந்த பைக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முகம் வெளிறியது. சம்பந்தி வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நேராக அவளிடம் கேட்டார்.

"ஏத்தா, ஒனக்கு டூட்டி எத்தன மணிக்கு?"

"எட்டு மணிக்கு மாமா."

அவர் ரோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "அப்ப மொத பஸ்ஸத்தான் புடிக்கணும். அந்த பஸ்காரன் நம்ம வாசல்ல நிக்க மாட்டான், ஒங்கப்பா மாதிரி பறப்பான். நாளைக்குக் கண்டக்டர்கிட்டச் சொல்லி வைக்கிறேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மகள் பிறகு என் காலடியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. என் கால்மேல் சொட்டு விழுந்தது.

"இத நிச்சயத்தன்னைக்கே சொல்லிருந்தா பத்து கிலோமீட்டரோட போயிருக்கும்லப்பா" என்றாள்.