அக்கினி மூலைக் கிணறு

உங்கள் அக்கா அம்மாவின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் நாங்கள் வாங்கிய இருபது பேர்ச் காணியில் கிணறு இல்லை. உங்கள் அம்மா சரிவில் இறங்கி, பீலிக் குழாயில் வழியும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சுமந்துகொண்டு ஏறுவாள். மாத்தளைக்குக் கடை வேலைக்குப் போகுமுன் நானும் இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பேன். அது காலைக்கே சரியாகிவிடும். ஒரு நாள் அவள் சறுக்கி விழுந்தாள். நல்ல வேளை, குடம் மட்டும்தான் நசுங்கியது. பிள்ளை பிறக்குமுன் கிணறு வெட்டிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மனை பார்க்கும் புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன். அதுதான் வினையாயிற்று. கிணறு ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. பக்கத்து மிளகுத் தோட்டத்து முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், உதவிக்கு வந்தார். அந்த மூலையில் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் பாறை. லீவு நாளெல்லாம் அலவாங்கு எனும் கடப்பாரையால் குத்தினோம்.

"தம்பி, மாத்தளை டவுனே இந்தக் கல்லு மேலதான் நிக்கிது போல. நம்ம கை வச்சா ஊரே ஆடிப்போகும்" என்றார் நானா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையைச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. குழிக்குள் விறகை அடுக்கிக் கொளுத்தினேன். பாறை நன்றாகச் சுட்டதும் வீட்டுக்குள் ஓடி, இருந்த நான்கு குடத் தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றினேன். புகை வந்தது. தோசை அளவுக்கு ஒரு சில்லுப் பெயர்ந்தது.

குசினியில் வல்லாரைச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா வெளியே வந்து, காலிக் குடங்களைப் பார்த்தாள். நானா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சொமந்த தண்ணியவா ஊத்துனீங்க?" என்றாள்.

நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அத எழுதுனவரு வந்து எனக்கு ஒரு கொடம் தூக்குவாரா? மழையில்லாம எல்லாம் காஞ்சு கெடக்கு. குசினிக்குப் பின்னால மட்டும் வல்லாரை பச்சையா நிக்கிது. நான் தெனம் அங்கதான் பறிக்கிறேன். அந்த எடத்துல ஒரு குத்து குத்திப் பாருங்க."

குசினிக்குப் பின்பக்கம் தென்கிழக்கு, அக்கினி மூலை. அங்கே கிணறு இருந்தால் வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று அதே புத்தகத்தில் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? மென்று விழுங்கித்தான் சொன்னேன். அவள் சரிவைக் கைகாட்டினாள்.

"இந்த வயித்தோட சரிவுல ஏறி எறங்குறது மட்டும் ஆகுமா?"

மறுநாள் கடைக்கு லீவு சொன்னேன். அவள் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். நானா பிஸ்மில்லா சொல்லி அலவாங்கைப் போட்டார். மண் வெண்ணெய் போல இறங்கியது. ஆளுயரத்துக்கே ஈரம், இன்னும் கொஞ்சம் தோண்டியதும் ஊற்றுக் கண் திறந்தது.

அக்கா அந்தத் தண்ணீரில்தான் முதல் குளியல் குளித்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் நாற்பது நாள் வரை நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புத்தகத்தை நான் எறிந்துவிடவில்லை. நல்ல நாள் பார்க்க இன்றும் எடுப்பேன். ஆனால் காரியத்தில் இறங்குமுன், அந்த இடத்தில் தினமும் புழங்குகிறவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

ஈசான மூலைக் குழியை மூட நினைத்தேன். உங்கள் அம்மா விடவில்லை. சாம்பலும் குப்பையும் கொட்டி வாழை வைத்தாள். நீங்கள் சாப்பிட்டு வளர்ந்த பழம் அந்தக் குழியில் காய்த்ததுதான்.