குறையில்லாத பிள்ளை

பலி கொடுக்கப் பிள்ளை வேண்டும் என்று கேட்டால் எந்த ஊரிலும் தாய்மார் கதவைச் சாத்துவார்கள். எங்கள் மொன்றியல் தாய்மாரோ பிள்ளைக்குத் தலைவாரி இழுத்து, பவுடர் பூசி, வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவள் புஷ்பராணி.

பயப்படாதீர்கள், நாடகம்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குக் குணரத்தினம் அண்ணை எழுதியது. அந்தக் காலத்துக் காட்டுக் குடி ஒன்றின் குளக்கட்டு மழைக்கு மழை உடைகிறது. காவல் தெய்வம் ஒரு சிறுவனைப் பலி கேட்கிறது. பிள்ளையின் உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. பெற்றவளே அவன் காலைப் பிடிக்க வேண்டும். அவள் கண்ணில் நீர் வந்தால் தெய்வம் பலியை ஏற்காது. எந்தக் காடு, எந்தக் குடி என்று கேட்டால் அண்ணை, "கற்பனை" என்று சிரிப்பார்.

புஷ்பராணியும் நானும் சென்ட் லோரன்டில் மருந்துப் போத்தல் அடைக்கும் இடத்தில் ஒரே மேசை, போகவர ஒரே பஸ். அவள் புருஷன் வசீகரன் லொறி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். மகன் தனுஜனுக்கு ஏழு வயது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவன். நாலு வயதில் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். இப்போது கன்றுக்குட்டி மாதிரித் துள்ளித் திரிகிறான். ஆனால் கழுத்துக்குழிக்குக் கீழே தொடங்கி நெஞ்சு முழுக்க ஒரு தழும்பு. ஜூலை வெயிலில் மற்றப் பிள்ளைகள் பூங்காவில் வெறும் மேலோடு தண்ணீருக்குள் ஓட, அவன் மட்டும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு நனைவான்.

"அதுகளைப் பார்க்க எனக்கு வயிறு எரியுதக்கா," என்று ஒருநாள் பஸ்ஸில் அவளே சொன்னாள். மற்றவர்கள் பொறாமையைச் சிரிப்புக்குள் ஒளிப்பார்கள். இவளுக்கு ஒளிக்கத் தெரியாது, அதனால்தான் எனக்கு இவளைப் பிடிக்கும்.

நாடகத்தில் பூசாரி சிறுவனின் நெஞ்சைத் தடவிப் பார்த்து, "குறையில்லாத பிள்ளை!" என்று ஊருக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம்தான் புஷ்பராணிக்கு வேண்டியிருந்தது. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் தன் பிள்ளையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லிவிட வேண்டும்.

"தங்கச்சி, பிள்ளை வெறும் மேலோட நிக்க வேணுமெல்லோ," என்றார் குணரத்தினம் அண்ணை.

"மேக்கப் போட்டு மறைப்பம் அண்ணை."

"லைட் அடிக்கேக்க தழும்பு தெரியும். பிறகு சனம் கதைச்சால் பிள்ளைக்குத்தான் மனம் நோகும்."

வேஷம் தாட்சாயினியின் மகன் றொக்சனுக்குப் போனது. தாட்சாயினிக்குப் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, வாசலில் இரண்டு கார். தாய் வேஷமும் அவளுக்கே. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல, பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிற வேலையை அண்ணை புஷ்பராணியிடம் கொடுத்தார்.

பூசினாள். ஒத்திகைக்கு ஒத்திகை பூசினாள். "ஒரு நுளம்பு கடிச்ச தடம் கூட இல்லையக்கா அவன்ர நெஞ்சிலை. நல்லாத் தேடிப் பார்த்திட்டன்," என்று என்னிடம் பல்லைக் கடித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காகத்துக்கோ அடுத்த கூட்டுக் குஞ்சின் மினுக்கம்தான் கண்ணைக் குத்தியது.

பலிக் காட்சி சரிவரவே இல்லை. தாட்சாயினி நகப்பூச்சுக் கலையாமல் விரல் நுனியால் மகனின் காலைத் தொடுவாள். அவன் கூச்சத்தில் கெக்கட்டம் விட்டுச் சிரிப்பான். மூன்றாம் ஒத்திகையில் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

புஷ்பராணி சந்தனக் கிண்ணத்தை டங்கென்று கீழே வைத்தாள்.

"இப்பிடியோ பிடிக்கிறது? முழங்காலுக்கு மேல கையை வை. உதைக்கேக்க முழங்கால்தான் முதல் எழும்பும். அவன்ர முகத்தைப் பார். நீ வேற பக்கம் பார்த்தால் அவன் உன்னைத் தேடுவான். 'அம்மா விடு' எண்டு கத்துவான். விடக் கூடாது. கை தளரும் மட்டும், கண் மூடும் மட்டும் பிடிக்க வேணும்."

"உங்களுக்கு எப்பிடியக்கா...?" தாட்சாயினி கேள்வியை முடிக்கவில்லை.

"தனுஜனுக்கு மயக்க மருந்து மாஸ்க் வைக்கேக்க நான்தான் பிடிச்சனான்."

தாட்சாயினியின் கண் கலங்கிவிட்டது. றொக்சனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "என்னாலை ஏலாது. நீங்களே தாயா நடியுங்கோ அக்கா," என்றாள்.

விழாவன்று புஷ்பராணி றொக்சனின் காலைப் பிடித்தாள். பூசாரி அவன் நெஞ்சைத் தடவி, "குறையில்லாத பிள்ளை!" என்றபோது அவள் முகம் கல்லாகிவிட்டது. முன்வரிசையில் சிலர் விம்மியே விட்டார்கள். திரை விழுந்ததும் கைதட்டல் ஓயவில்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை! என்ன நடிப்பு!" என்றேன் நான்.

"நடிப்போ? அவன்ர நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான். வயித்தெரிச்சலிலை கண்ணீர் எங்கையக்கா வரும்?"

குளிர்ச்சட்டைகள் மாட்டும் இடத்தில் தனுஜனுக்குச் சப்பாத்துப் போட்டுவிடக் குனிந்தாள். அவன் சொன்னான்:

"அம்மா, நீங்கள் பிழையாச் செய்தனீங்கள்."

"என்ன பிழை?"

"ஆஸ்பத்திரியிலை என்னைப் பிடிக்கேக்க, பெருவிரலாலை என்ர காலைத் தடவிக்கொண்டே இருந்தனீங்கள். றொக்சனுக்குத் தடவேல்லை."

அது அவனுக்கு ஞாபகமில்லை என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். ஞாபகம் இருந்தால் தன்னை வெறுப்பான் என்று பயந்துமிருந்தாள். பனி கரைந்து சேறாகிக் கிடந்த தரையில், சேலையோடு அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினாள்.

தனுஜன் பதறிப்போனான். நாடகத்தை அவனும் பார்த்தவன்தானே.

"அழக் கூடாதம்மா. சாமி ஏற்காது."

"ஏற்க வேண்டாம்," என்று அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நான் உன்னைக் குடுக்கேல்லை."