மாமா குடித்த தேத்தண்ணி

பாரிசின் லா சப்பலில் எங்கள் ஆட்கள் சிலரே இருந்த காலத்தில், ஒரு மனிதரின் வாழ்க்கையை நான் மொழிபெயர்த்தே கெடுத்தேன். அவர் என் அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது பத்து வயது.

மாமா பொர்தோப் பக்கம் ஒரு பெரிய திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே வடிக்கும் சிவப்பு வைன் அரசாங்க விருந்துகளில் பரிமாறப்படுவது. போத்தலில் கூம்புக் கோபுரங்களோடு ஒரு மாளிகை அச்சிடப்பட்டிருக்கும். "அதிலை மனிசர் குறைவு மருமோன், பீப்பாவள்தான் ராசாக்கள்" என்பார் மாமா. பீப்பாவுக்குள் வைன் மெல்ல மெல்ல வற்றுமாம். காற்றுப் புகுந்து புளிக்காமல் கிழமைதோறும் ஊற்றி நிரப்புவது அவர் வேலை. மத்தியானச் சாப்பாட்டோடு வேலையாட்களுக்குக் கொடுக்கும் வைனை, பக்கத்தில் இருக்கும் போர்த்துக்கேயரிடம் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமை விரதக்காரர், ஒரு துளி நாக்கில் பட்டதில்லை.

ஒரு நாள் நிறைபீப்பா ஒன்று உருண்டு அவருடைய வலக்கையை நசுக்கியது. கட்டுப்போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேலையில் நடந்த விபத்து என்று தோட்டத்தார் ஒப்புக்கொண்டால் சிகிச்சை கிடைக்கும், வேலை இருக்கும், விசாவும் நீளும். இல்லாவிட்டால் மூன்றும் இல்லை.

விசாரிக்கத் தோட்டத்து மேலாளர் வந்தார். மரப்பெட்டியில் ஒரு போத்தலும் கொண்டுவந்திருந்தார். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான். கீழே சிநேகிதர்கள் பந்தோடு நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். மாமா இடக்கையால் எடுத்துக் குடித்துக் கோப்பையை வைத்த நேரம், மேலாளர் என்னிடம் மெதுவாக, "அவர் குடித்திருந்தாரா?" என்று கேட்டார்.

"மாமா, குடிச்சனீங்களோ எண்டு கேக்கிறார்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "ஓம் எண்டு சொல்லு. நல்லாக் குடிச்சனான். இன்னொண்டு தந்தாலும் குடிப்பன்."

ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன்.

மேலாளர் எழுந்தார். மரப்பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் என்னிடம் குனிந்து, அவர் இனி வேலைக்கு வர வேண்டாம், தோட்டம் அவருக்கு எதுவும் செய்யாது என்று சொன்னார்.

"கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோற பிசினாறியை இப்பதான் காணுறன்" என்றார் அம்மா.

"சும்மா இரக்கா, அது வேறை ஆருக்குமாக்கும்" என்று மாமா சிரித்தார். "மருமோன், போகேக்கை என்னவாம்?"

அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பந்தும் காத்திருந்தது. "பிறகு கூப்பிடுவினமாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

எதைக் குடித்தது என்று சொல்லாமல் பிரெஞ்சில் குடித்தது என்றால் அது மதுதான் என்பது சில வருடங்கள் கழித்து வகுப்பில்தான் உறைத்தது. தமிழிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. வகுப்பில் அது உறைத்த நாள் பின்னேரம், லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் மாமா இடக்கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததைப் போய்ப் பார்த்தேன். சொல்லத்தான் போனேன். சொல்லாமல் திரும்பி வந்தேன். பிறகு அந்தப் பிரெஞ்சையே படிப்பித்துப் பென்சனும் எடுத்தேன். மாமா பாரிசுக்கு வெளியே சார்செலில் தனியாகச் செத்துப்போனார். அப்போதும் நான் சொல்லியிருக்கவில்லை.

மேலாளர் வந்துபோன அந்தக் குளிர்காலம் முழுவதும், தொலைபேசி அடித்தால் முதலில் எழும்பி ஓடுபவர் மாமாதான். "அவையள் நல்ல சனம், மறக்கமாட்டினம்" என்பார். அந்த முகத்தில் இருந்த தவிப்பைச் சந்தோசம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.